நேர்ச்சுவர்த் தோட்டா

அக்டோபர் 6, திங்கள்

காலை 44 டிகிரி ஃபாரன்ஹீட். மேகமூட்டம்.

இதய மருத்துவரிடம் போய் வந்தோம். இவருக்குப் பேஸ்மேக்கர் வைத்து ஆறு வாரம் முடிந்துவிட்டது. இடது காரையெலும்புக்குக் கீழே தையல் நன்றாக ஆறியிருக்கிறது. பேஸ்மேக்கர் சரியாக ஓடுகிறது. துடிப்பு அறுபதுக்குக் கீழே இறங்கப் பார்த்தால் அது தட்டி எழுப்பிவிடும். கையைத் தூக்கலாம், கார் ஓட்டலாம், தோட்டத்தில் குனியலாம் என்றார் டாக்டரம்மா.

இவர் கேட்டது ஒரே கேள்விதான். "மான் வேட்டைக்குப் போகலாமா?"

எந்தத் தோளில் வைத்துச் சுடுவீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். இடது என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேஸ்மேக்கரிலிருந்து இரண்டு கம்பிகள் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகின்றன. துப்பாக்கிக் கட்டை உதைக்கும் இடம் அவற்றுக்கு நேர் மேலே. இடது தோளில் எந்தத் துப்பாக்கியும் கூடாது. வலது தோள் என்றால் ஆட்சேபணை இல்லை. கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

முப்பத்தொரு மைல் இவரே ஓட்டிவந்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இவர் சொன்னது: "அந்த டாக்டரம்மா கைல துப்பாக்கியே புடிச்சிருக்க மாட்டாங்க அம்முணி."

அக்டோபர் 9, வியாழன்

அவரைப் பந்தலின் கீழ்வரிசையை மான் மேய்ந்துவிட்டது. எங்கள் ஊர் கோபியிலிருந்து வந்த விதை. இந்த வருடம் காய்த்ததே இரண்டு கூடைதான். மீதியைப் பறித்து வைத்தேன்.

கீழ்த்தளத்தில் ஏதோ சத்தம் கேட்டு இறங்கினேன். பழைய ஷாட்கன்னை இடது தோளில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். குழல் பன்னிரண்டு போர் அளவு. ஒவ்வொரு குண்டும் கட்டைவிரல் தடிமன். பதினான்கு வருடமாக, வருடத்துக்கு ஒரு மான், அதற்கு மேல் கிடையாது. அடுத்த ஒரு வாரம் தோளில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். அதற்கு நான் விளக்கெண்ணெய் தடவுவேன்.

"வெயிட்டு பாக்கறேன்" என்றார்.

"பார்த்தாச்சுங்களா?"

"ம்."

அவர் குளிக்கப் போனபோது குண்டுப் பெட்டியை எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, அரிசி டின்னின் அடியில் வைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பக்கத்துப் பண்ணை ராய் ஆப்பிள் கொண்டுவந்தார். ஆகஸ்டில் இவர் சோளக்காட்டு ஓரம் விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தது அவருடைய நாய்தான். நாற்பது நிமிடம் கிடந்திருக்கிறார். அன்று நாய் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். நாய்க்கு ஒரு தோசை போட்டேன்.

ராய் தோள் அறுவை செய்துகொண்டவர். ஷாட்கன்னை விட்டு மூன்று வருடம் ஆகிறதாம். இப்போது நேர்ச்சுவர்த் தோட்டா போடும் ரைஃபிள்தான். இந்தப் பக்கம் பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள், உதை குறைவு, நூற்றைம்பது கஜம் வரை குறி தப்பாது என்றார். அவர் போன பிறகு, அது என்ன நேர்ச்சுவர் என்று கேட்டேன்.

இவர் கோயமுத்தூரில் பம்பு கம்பெனியிலும் பிறகு இங்கே அச்சு கடையும் டை ஷாப்பிலுமாக நாற்பது வருடம் இரும்பு கடைந்தவர். விளக்கச் சொன்னால் முகம் தெளிந்துவிடும். அலமாரியிலிருந்து ஒரு சொம்பையும் ஒரு டம்ளரையும் எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"சாதா ரைஃபிள் தோட்டா இந்தச் சொம்பு மாதிரி. வயிறு பெருசு, கழுத்து சின்னது. மருந்து நெறையாப் புடிக்கும், குண்டு சிறுசு, மைல் கணக்குல போயிரும். இந்த ஊரு பாரு, ஒரு மேடு கெடையாது, நாலு காட்டுக்கு ஒரு வூடு. மானுக்கு விட்டது எவனோ ஊட்டுச் சமையக்கட்டுல போயி நிக்கும். அதனால இங்க மானுக்கு அது கூடாதுன்னுட்டாங்க. ஷாட்கன்னு மட்டும்தான் இருந்துச்சு. நேர்ச்சுவருன்னா இந்த டம்ளரு. அடியிலிருந்து வாய் வரைக்கும் ஒரே சுவரு. மருந்து கொஞ்சந்தான் புடிக்கும். ரொம்பத் தூரம் போகாது, குறி தப்பாது, தோளையும் ஒடைக்காது. அதனால அதுக்கு அனுமதி குடுத்தாங்க."

"எப்பங்க குடுத்தாங்க?"

"பத்து வருசம் ஆச்சு."

"அப்பறம் நீங்க எதுக்கு இத்தனை நாளா அந்த ஒதை வாங்கிட்டிருந்தீங்க?"

சொம்பை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

அக்டோபர் 16, வியாழன்

ராயின் புல்வெளியில் அவருடைய ரைஃபிளை இவர் வலது தோளில் வைத்துப் பார்த்தார். ஐந்து தோட்டா. அட்டையில் ஒன்றுகூடப் படவில்லை. பிறந்ததிலிருந்து இடது கை, இடது கண். வலது கண்ணைத் திறந்தால் இடது கண் மூட மாட்டேன் என்கிறது. ஐந்தாவது முடிந்ததும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ராய் என்னைப் பார்த்து, நீங்கள் ஒன்று சுடுகிறீர்களா என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். நானும் விளையாட்டுக்குத்தான் வாங்கினேன்.

கதவைத் தோளால் தள்ளித் திறக்கும் அளவுக்குத்தான் உதை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப் பார்த்தவள் நான். ஒற்றைக் கண்ணால் பார்ப்பதும், மூச்சைப் பிடிப்பதும் எனக்குப் புதிதில்லை. அட்டையில் நடுவிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி ஓட்டை.

வண்டிக்குள்ளிருந்து இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

"நேத்து அது குருட்டாம்போக்கு" என்றார், காபி குடிக்கும்போது.

"ஆமாங்க."

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்தேன். இவர் தூங்கிய மத்தியானத்தில் கணினியில் ஒரு பரீட்சை முடித்தேன். நான்கு நாளாகப் படித்தது. ஐம்பதுக்கு நாற்பத்தேழு. அச்சிட்டு, இவருடைய ஆஸ்பத்திரிக் கோப்பில் வைத்தேன். அந்தக் கோப்பை இவர் தொடுவதில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

ஷாட்கன் கீழ்த்தளத்து அலமாரியில் இல்லை. வண்டிக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்.

அரிசி டின்னைப் பார்த்தேன். பை வைத்த இடத்தில் இருக்கிறது. ஆனால் கடையில் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கிடைக்குமே.

அக்டோபர் 26, ஞாயிறு

ரஞ்சனி பிட்ஸ்பர்க்கிலிருந்து கூப்பிட்டாள். மகளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

"அம்மா, நீயா? கரப்பான்பூச்சிய அடிக்கச் சொன்னாலே அப்பாவக் கூப்புடுவ!"

"கரப்பான் ஓடும்டி. அட்டை நிக்குது."

"மான் ஓடாதா?"

அவரைப் பந்தலில் வேலை இருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

இந்த வருடம் மான் என் பொறுப்பு என்றாகி, எனக்கு ரைஃபிள் வாங்கியாயிற்று. 350 லெஜண்ட் என்று தோட்டாவுக்குப் பெயர். கவுன்டரில் எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள், மூன்று பேர் அதே பெட்டியைத்தான் கேட்டார்கள். இவர் கடைக்குள் வர மாட்டேன் என்று சொல்லி வாசலில் நின்றார். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே வந்து, கட்டையின் நீளம் எனக்குச் சரியில்லை, ஓர் அங்குலம் குட்டையாக வேண்டும் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

காலை 33. முதல் உறைபனி.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இவர் ராய் கொடுத்த ஒரு காலித் தோட்டாக் கூட்டை மைக்ரோமீட்டரில் வைத்து அளந்துகொண்டிருந்தார். அடியில் ஒருமுறை, வாயில் ஒருமுறை, மறுபடி அடியில். திடீரென்று ஊரே ஏமாற்றிவிட்ட மாதிரி சத்தம் போட்டார்.

"நேர்ச்சுவருன்னு சொல்றானுங்க. பன்னண்டு தவு சாய்ஞ்சிருக்குது அம்முணி!"

தவு என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோயமுத்தூர் லேத்துக்காரர்களுக்கு மூச்சு மாதிரி அது.

"அப்ப ஏமாத்தா?"

"ஏமாத்தில்ல" என்றார், கொஞ்சம் யோசித்து. "சட்டத்துக்கு இது நேருதான். சாய்வு கொஞ்சம் இருந்தாத்தான் சுட்ட கூடு உள்ள சிக்காம வெளிய வரும். செஞ்சவன் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கறான்."

சொம்பும் டம்ளரும் எடுத்துவந்த நாளுக்குப் பிறகு இவர் சேர்ந்தாற்போல் பேசியது இன்றுதான்.

நவம்பர் 8, சனி

சுடுகளம். பதினொரு மேசையில் எட்டில் இதே தோட்டா. எனக்கு இடப்பக்கம் எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வலப்பக்கம் கர்ப்பிணி மனைவியோடு வந்த ஒருவர். பழைய ஷாட்கன்னோடு வந்தவர் ஒருவர்தான். அவர் சுடும்போதெல்லாம் கூரைத் தகடு அதிர்ந்தது.

இவர் பின்னால் நின்று, "மூச்ச வுடு. பாதில நிறுத்து. இழுக்காத, அமுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நூறு கஜத்தில் மூன்று தோட்டா, மூன்றும் ஒரு ஊறுகாய்க் கிண்ணத்தின் வாயளவுக்குள். இவர் அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 10, திங்கள்

லைசன்ஸ். வேட்டைப் பாதுகாப்புப் பாடத்தில் தேறியவர்கள் தனியாகப் போகலாம். தேறாதவர்களுக்குப் பயிலுநர் லைசன்ஸ் உண்டு. அதற்கு லைசன்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், கண்ணுக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்தில். நான் பயிலுநர் லைசன்ஸ் வாங்கினேன்.

"வகுப்புக்கு நேரமில்லீங்க, நீங்கதான் கூட வரோணும்" என்றேன். "தள்ளிப் போனீங்கன்னா எனக்குத்தான் அபராதம்."

"கண்ணுக்கும் கொரலுக்கும் எட்டற தூரமா?" என்றார். "நாப்பது வருசமா வேற எங்க இருக்கறேன்?"

தனக்கும் லைசன்ஸ் வாங்கிக்கொண்டார். துப்பாக்கி இல்லாமல் போவதற்கு.

நவம்பர் 27, வியாழன்

ரஞ்சனி வந்துபோனாள். அப்பாவுக்குக் கம்பளிச் சாக்ஸ், எனக்கு வேட்டைக்காரர்கள் போட வேண்டிய ஆரஞ்சு நிறச் சட்டை. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் சாலை வேலைக்காரி மாதிரி இருக்கிறேன்.

திங்கள் முதல் ஏழு நாள் துப்பாக்கிப் பருவம். அதில் புதன் கார்த்திகை தீபம், வெள்ளி நாங்கள் கவுச்சி தொடாத நாள். ஐந்து நாள்தான்.

டிசம்பர் 1, திங்கள்

காலை 19. காற்று இல்லை.

இந்த வருடம் மரத்துப் பரண் வேண்டாம் என்று ராயின் காட்டோரத்தில் தரையில் துணிக்கூடாரம் அடித்திருந்தார். இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க் சுக்குக் காபி. விடியும்போது என் பல் கிட்டித்தது. அவருடைய கையுறைக்குள் என் வலது கையை விட்டு வைத்துக்கொண்டார். சுடுகிற விரல் மரத்துப்போகக் கூடாதாம்.

எட்டு ஐம்பதுக்கு ஒரு பெட்டை மான் அறுத்த சோளக்கட்டைகளுக்குள் வந்தது. நூற்றிருபது கஜம் என்றார். பக்கவாட்டில் நின்றது. காதோடு சொன்னார்: "கொஞ்சம் மேல. முதுகு மட்டத்துக்குப் புடி."

பிடித்தேன். அமுக்கினேன். மான் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தோட்டா அதன் முதுகுக்கு மேலே போயிற்று.

அவருடைய முகம் போன போக்கை எழுத வராது. ஷாட்கன் குண்டு அந்தத் தூரத்தில் ஒரு சாண் இறங்கும். அதற்குத்தான் மேலே பிடிப்பது. இது இறங்குவது இரண்டு விரற்கடைகூட இல்லை. பதினான்கு வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

காயம் பட்டு எங்காவது கிடக்கக் கூடாது என்று மான் போன தடத்தில் ஒன்றரை மணி நேரம் தேடினோம். ஒரு சொட்டு ரத்தமில்லை, ஒரு மயிரில்லை. தப்பிவிட்டது உறுதி. நான் இரண்டு முறை உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

திரும்பும்போது, "உன்ற கண்ணுல பட்டதச் சுட்டிருந்தா விழுந்திருக்கும். நாந்தேன் கெடுத்தேன்" என்றார்.

"எனக்குக் குளிருல கை ஆடிருச்சுங்க."

"ஆடல. நான் பார்த்துட்டுத்தான இருந்தேன்."

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. இவர் எழுந்து வரவில்லை. நானும் போகவில்லை. நெல்லிக்காய் ஊறுகாய்க்கு மிளகாய் வறுத்தேன்.

மத்தியானம் வண்டிக் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஷாட்கன் அங்கேயே இருக்கிறது. மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். ஐந்தேகாலுக்கே இருட்டிவிட்டது. வாசலில் வைத்த விளக்குகளைக் காற்று அணைத்துவிட்டதால் பதினொன்றையும் சமையலறை ஜன்னலுக்கு மாற்றினேன். பொரி உருண்டைக்குப் பாகு கொஞ்சம் முற்றிவிட்டது.

பொரி உருண்டையைக் கடிக்க முடியாமல் வாயில் அடக்கிக்கொண்டே, இவர் தம் ஊர்க் கருப்பராயன் கோயில் கிடாவெட்டைப் பற்றிச் சொன்னார். கிடாயின் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்களாம். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் அது சம்மதம். துலுக்கிவிட்டது என்பார்கள். துலுக்காவிட்டால் யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள்.

"ஒரு வருசம் எங்க சின்னய்யன் கிடாயி பொழுது சாயற வரைக்கும் துலுக்கவே இல்ல. ஊட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டாரு. அப்பறம் எட்டு வருசம் இருந்துச்சு. எல்லார்த்தையும் முட்டும்."

நாளைக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது அவரே சொன்னார்: "நாளைக்குப் பனி பெய்யுமாமா. நீயே பார்த்துச் சுடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

டிசம்பர் 4, வியாழன்

காலை 24. பனி ஏழு மணிக்குத் தொடங்கியது. பெரிய பெரிய பூவாக.

கூடாரத்துத் துணியில் பனி விழுவது அரிசி புடைக்கிற சத்தம். சொன்னபடி அவர் வாயைத் திறக்கவில்லை. காபி வேண்டுமா என்றுகூட ஜாடைதான்.

பத்தேகாலுக்கு வந்தது. தனி. பெட்டை. தொண்ணூறு கஜம் இருக்கும். முதுகெல்லாம் பனி படிந்து வெள்ளையாக நின்றது. அது நெடுநேரம் எங்கோ படுத்திருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். துப்பாக்கி தோளில், குறி அதன் முன்னங்காலுக்குப் பின்னால், சரியாக இருந்தது. விரல் அமுங்கவில்லை. குளிரால் இல்லை. அது நின்ற நிற்பு அப்படி. நான் இதுவரை எதையும் கொன்றதில்லை. சந்தையில் கோழி வாங்கினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவருடைய உள்ளங்கை என் முதுகின் நடுவில் வந்து அமர்ந்தது. தள்ளவில்லை, தட்டவில்லை. இருந்தது, அவ்வளவுதான். வேண்டாம் என்று துப்பாக்கியை இறக்கியிருந்தாலும் அந்தக் கை அங்கேயேதான் இருந்திருக்கும்.

அப்போது மான் தலையிலிருந்து வால் வரை ஒருமுறை உடம்பை உதறியது. பனி நாலாபக்கமும் தெறித்தது. பழுப்பு முதுகு தெரிந்தது.

"துலுக்கிருச்சு அம்முணி" என்றார். மூச்சளவு சத்தம்.

பாதி மூச்சில் நிறுத்தி அமுக்கினேன். உதை நினைவில்லை. மான் நாற்பதடி ஓடி, சோளக்கட்டைகளுக்கு நடுவே முன்னங்கால் மடங்கி விழுந்தது. மறுபடி அசையவில்லை.

நான் அழுதேனா என்று ராத்திரி ஃபோனில் ரஞ்சனி கேட்டாள். மூக்கு ஒழுகியது, குளிர்.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "நூத்தி நாப்பது ஓடுது. எனக்கு வெச்ச மெசினு உனக்குத்தான் வெச்சிருக்கோணும்."

பக்கத்தில் போனதும் குனிந்து அதன் கண்ணை மூடப் பார்த்தார். மானின் கண் மூடாது. கையுறையைக் கழற்றிவிட்டு நெற்றியைத் தடவினார். நானும் தடவினேன். சூடாக இருந்தது. அவரை இழுக்க விடாமல் ராய் டிராக்டர் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டுபோய்த் தன் கொட்டகையில் தொங்கவிட்டார். சட்டப்படி பதிவு செய்யும்போது, சுட்டவர் பெயர் என்ற இடத்தில் 'சம்பூர்ணம் நாச்சிமுத்து' என்று இவரே எழுத்தெழுத்தாகத் தட்டினார்.

டிசம்பர் 5, வெள்ளி

தயிர்சாதம். நெல்லிக்காய் ஊறுகாயில் உப்பு கூடுதல்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலை 27. வெயில்.

இவர் சமையல். வருடத்துக்கு ஒருநாள் இவர் சமைப்பது மான்கறி மட்டும்தான். மிளகும் சின்ன வெங்காயமும் அம்மியில் அரைத்தது என்றால்தான் ஒத்துக்கொள்வார். அம்மி என் வேலை. ராய்க்கு ஒரு தொடைக்கறி, தேவாலயத்தில் ஏழைகளுக்குப் போடும் சாப்பாட்டுக்கு இன்னொன்று. மிச்சம் எங்களுக்கு.

நாளை பேஸ்மேக்கர் பரிசோதனை. கறி வேகும் நேரத்தில், அதற்கான அட்டையைத் தேடி ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்திருக்கிறார். அதை இவர் தொட்டது இதுதான் முதல்முறை. ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"இதென்ன அம்முணி?"

பார்த்தேன். வேட்டைப் பாதுகாப்புப் பாடம், அக்டோபர் 19, என் பெயர், ஐம்பதுக்கு நாற்பத்தேழு.

"பாஸ் பண்ணியிருக்கற."

"ஆமாங்க."

"தனியாப் போற லைசன்சே வாங்கியிருக்கலாமே. வகுப்புக்கு நேரமில்லைன்னயே."

அடுப்பைக் குறைத்தேன். குறைக்க வேண்டிய அவசியமில்லை. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவர் ஜன்னல் விளிம்பிலிருந்து வியாழக்கிழமை சுட்ட கூட்டை எடுத்து, மைக்ரோமீட்டரை அதன் அடியில் வைத்துத் திருகினார். வாயில் வைத்துத் திருகினார். நன்றாகத் தெரிந்த கணக்கையே மறுபடி பார்த்தார்.

"உன்ன நேரான சுவருன்னு நாப்பது வருசமா நம்பிட்டிருந்தேன்" என்றார். "பன்னண்டு தவு சாய்வு."

"சாய்வு இருந்தாத்தான் சிக்காம வெளிய வரும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

அவர் அரிசி டின்னைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, குண்டுப் பையை எடுத்து மேசையில் வைத்தார். பையில் ஒட்டிய அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டி டின்னுக்குள் போட்டார்.

"ரெண்டு மாசமா உனக்கு ஒலைக்கு அரிசி அளந்து குடுக்கறப்பெல்லாம் கைல தட்டுது. ராய்கிட்டக் குடுத்தர்றேன். ஷாட்கன்னையும் குடுத்தர்றேன்."

காரம் பார்க்கச் சொல்லி ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து ஊதி நீட்டினார். சரியாக இருந்தது. உப்பும் சரியாக இருந்தது.

"அடுத்த வருசமாவது தனி லைசன்சு வாங்கறயா?" என்று கேட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு, குழம்பைக் கிளறிக்கொண்டே.

"வகுப்புக்கு நேரமிருக்காதுங்க" என்றேன்.